கல்லூரி கிட்டே வந்தது, வயது எட்டப் போனது

பெரம்பலூருக்கு இன்றும் ரயில் கிடையாது. மாவட்டத் தலைநகராகிப் பல ஆண்டுகள் ஆன பிறகும் ரயிலேற வேண்டுமானால் அரியலூருக்கோ திருச்சிக்கோதான் போக வேண்டும். இந்தப் பகுதியின் படிப்புக் கதையை இங்கிருந்தே தொடங்கலாம். இந்த ஊர்களில் நெடுங்காலம் படிப்பு என்றாலே பயணம்தான்.

1960-களில் வேப்பந்தட்டையிலோ செந்துறையிலோ ஒரு பையன் எஸ்.எஸ்.எல்.சி. தேறிவிட்டால் (அன்று அது பதினோராம் வகுப்பு) வீட்டில் அடுத்து எழும் கேள்வி 'எந்தக் கல்லூரி?' என்பதல்ல, 'யார் வீட்டில் தங்குவது?' என்பதுதான். திருச்சியில் சித்தப்பா இருந்தால் சித்தப்பா வீடு. கும்பகோணத்தில் அத்தை இருந்தால் அத்தை வீடு. யாருமே இல்லையென்றால் விடுதி, அதற்கு நிலத்தில் ஒரு பங்கு. ஜெயங்கொண்டம் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சிதம்பரம் கொஞ்சம் கிட்டே. அங்கே 1929-இல் எழுந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருந்தது. 1965-இல் அரியலூரில் அரசுக் கலைக் கல்லூரி வந்தது. அன்றைய திருச்சி மாவட்டத்தின் வடகிழக்கு மூலைக்கு அது பெரிய வரவு. ஆனாலும் வெயில் காய்ந்த மானாவாரி நிலத்தில் பருத்தியும் சோளமும் போட்ட குடும்பங்களில் எத்தனை பேரால் ஒரு பையனை மூன்று ஆண்டு வேலைக்கு அனுப்பாமல் வைத்திருக்க முடிந்தது? பெண்பிள்ளை என்றால் பேச்சே இல்லை. ஐந்தாவதோடு நிறுத்தி, வயல், ஆடு, தம்பி தங்கை.

அந்தப் பிள்ளைகளுக்கும் அவர்களுடைய தம்பி தங்கைகளுக்கும் இன்று ஐம்பத்தைந்துக்கு மேல் வயது. இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழகத்தின் எழுத்தறிவு 80 விழுக்காடு, பெரம்பலூரில் 74, அரியலூரில் 71. மாநில வரிசையில் அரியலூர் கடைசியை ஒட்டி நின்றதற்கு அந்த மாவட்டத்துப் பள்ளிப் பிள்ளைகள் காரணமல்ல, அவர்கள் அப்போது பள்ளியில்தான் இருந்தார்கள். பின்னுக்கு இழுத்தது படிக்க முடியாமல் போன அப்பா, அம்மா, ஆத்தாக்களின் எண்ணிக்கை.

அவர்களுக்கு அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. திரும்பத் திரும்பச் செய்தது, ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து.

1978 அக்டோபர் 2 அன்று நாடு முழுதும் முதியோர் கல்வித் திட்டம் தொடங்கியது. மாலையில் பள்ளிக்கூடத்திலோ கோயில் மண்டபத்திலோ அரிக்கேன் விளக்கைச் சுற்றி உட்கார்ந்து ஸ்லேட்டில் எழுதினார்கள். நாள் முழுக்கக் களை எடுத்த கை, எட்டு மணிக்குமேல் கண் சொக்கும். பத்து ஆண்டு கழித்து, 1988-இல், தேசிய எழுத்தறிவு இயக்கம் பிறந்தது. அதன் வழியே வந்த அறிவொளி இயக்கம்தான் உண்மையில் ஊரைக் கிளப்பியது. எர்ணாகுளத்தில் வென்ற முறையைப் புதுக்கோட்டை 1991-இல் கையில் எடுத்தது. ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் தலைமையில் எழுத்தோடு சைக்கிளும் சேர்ந்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள், அந்தச் செய்தி உலகமெல்லாம் போனது. அண்டை மாவட்டங்களுக்கும் அலை பரவியது. வீதி நாடகம், பாட்டு, சம்பளம் வாங்காத தொண்டர்கள். எழுத்துச் சொல்லிக்கொடுப்பதை ஒரு திருவிழா ஆக்கலாம் என்பதை அறிவொளி காட்டியது. எனக்குத் தெரிந்து, தமிழகத்தில் படிக்காதவரைப் பார்த்து இரக்கப்படாமல் பேசிய முதல் அரசுத் திட்டம் அதுதான்.

திருவிழா முடிந்தால் பந்தல் பிரிப்பார்கள். பந்தலைப் பிரித்தபோது மூன்று பாடநூல்களை முடித்திருந்த பெண், அடுத்து என்ன படிப்பது என்று கேட்டால் கையில் கொடுக்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. எழுதாத கை மறக்கும், படிக்காத கண்ணும் மறக்கும். அந்தக் காலத்தில் அவர்களைக் காப்பாற்றியது மகளிர் குழுதான். 1997-இல் மகளிர் திட்டம் மாநிலம் முழுக்க விரிந்தபோது வங்கிப் பாஸ்புக், தீர்மானப் பதிவேடு, கடன் விண்ணப்பம் என்று கையெழுத்துக்கு ஒரு வேலை கிடைத்தது. 'கைநாட்டு' என்று ஊரில் ஒருவரை வைதால் அது படிப்பைப் பற்றிய வசவு மட்டுமல்ல. அந்த வசவிலிருந்து தப்பிக்கக் கையெழுத்தை மட்டும் கற்றுக்கொண்டவர்கள் ஏராளம். பெயரை வரைவார்கள், அதன் கீழே அச்சடித்திருப்பதைப் படிக்க மாட்டார்கள்.

2009 செப்டம்பர் 8-இல் 'சாக்‌ஷர் பாரத்' வந்தது. வயது வந்த பெண்களில் பாதிப் பேருக்குமேல் எழுத்தறியாத மாவட்டங்களைத் தேடிப் பிடித்தார்கள். தமிழகத்தில் அப்படி அகப்பட்ட சில மாவட்டங்களில் பெரம்பலூரும் அரியலூரும் உண்டு. பஞ்சாயத்துக்கு ஒரு மையம், மையத்துக்கு இரண்டு ஊக்குநர்கள், ஆளுக்கு மாதம் 2,000 ரூபாய். திட்டம் 2018 மார்ச்சோடு நின்றது. 2022-இல் 'புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம்' தொடங்கியது. இதில் சொல்லிக்கொடுப்பவருக்குச் சம்பளமே கிடையாது, தன்னார்வலர்தான். நூற்றைம்பது மதிப்பெண்ணுக்கு ஒரு தேர்வு: படித்தல் 50, எழுதுதல் 50, கணக்கு 50. நூறு நாள் வேலையில் மண் வெட்டிவிட்டு வந்த அம்மாக்கள் பள்ளிப் பெஞ்சில் காலை மடக்கி உட்கார்ந்து தேர்வு எழுதும் படம் ஆண்டுதோறும் நாளிதழில் வருகிறது. பேத்தி வாசலில் காத்திருப்பாள். படம் நன்றாகத்தான் இருக்கும்.

1978, 1991, 2009, 2022. நான்கு தலைமுறைத் திட்டங்கள், நான்கும் 'அ' வில் தொடங்கி, சான்றிதழில் முடிந்தவை. அந்தச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த படி எங்கே என்று கேட்டால் தமிழ்நாட்டில் விடை சிக்கலாக இருக்கிறது.

கேரளத்தில் படி தெரிகிறது. அங்கே எழுத்தறிவு இயக்கமே நான்காம் வகுப்பு, ஏழாம் வகுப்பு, பத்து, பன்னிரண்டு என்று சமநிலைத் தேர்வுகளை நடத்துகிறது. 2018-இல் ஆலப்புழை கார்த்தியாயினி அம்மா தமது 96-ஆம் வயதில் எழுத்தறிவுத் தேர்வில் 98 மதிப்பெண் வாங்கியபோது, அடுத்து நான்காம் வகுப்புக்குப் படிக்கப் போவதாகச் சொன்னார். அவர் அப்படிச் சொல்ல முடிந்ததற்கு அவருடைய ஆர்வம் பாதிக் காரணம். நான்காம் வகுப்பு என்று ஒன்று அவருக்காக இருந்தது மீதிக் காரணம்.

நம்மிடம் இருப்பது தனித்தேர்வு. பள்ளிக்குப் போகாதவரும் எட்டாம் வகுப்புத் தேர்வை நேரடியாக எழுதலாம், அதன்பின் பத்தாம் வகுப்பு. சட்டப்படி வழி திறந்தே கிடக்கிறது. நடந்து பார்த்தால் தெரியும். பத்தாம் வகுப்பு அறிவியலுக்குச் செய்முறைப் பயிற்சி உண்டு, அதற்கு ஒரு பள்ளியில் பெயர் பதிந்து வகுப்புக்குப் போக வேண்டும். நாற்பத்தைந்து வயதுப் பெண் சீருடைப் பிள்ளைகள் படிக்கும் ஆய்வகத்துக்குள் நுழைகிறார். "யார் வீட்டுப் பிள்ளையைப் பார்க்க வந்தீங்க?" என்று வாசலில் கேட்பார்கள். கேட்பவர் கெட்டவர் இல்லை. அந்த வாசலில் நாற்பத்தைந்து வயது மாணவியை அவர் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

இனி உயர்கல்விக்கு வருவோம். நம் ஊர்களில் வயதானவரைப் பல்கலைக்கழகம் உண்மையாகவே வரவேற்ற ஒரு காலம் உண்டு. அதை யாரும் கொண்டாடுவதில்லை, கொஞ்சம் கேலியாகத்தான் பேசுவார்கள். 'கரஸ்'ல படித்த காலம்.

மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. அண்ணாமலை 1979-இல், சென்னை 1981-இல். 1982-இல் திருச்சியில் பிறந்த பாரதிதாசன் பல்கலைக்கழகமும் பின்னர் சேர்ந்துகொண்டது. தபால்காரர் பழுப்பு உறையில் பாடக் கட்டு கொண்டுவந்து கொடுப்பார். ஞாயிற்றுக்கிழமை தொடர்பு வகுப்பு, அதற்குத் திருச்சி அல்லது சிதம்பரம் பஸ். தேர்வு மையத்தில் எதிர்ப்பெஞ்சில் பார்த்தால் கிராம நிர்வாக அலுவலர், பக்கத்தில் போலீஸ்காரர், பின்னால் சிமென்ட் ஆலைத் தொழிலாளி, முதல் வரிசையில் தொடக்கப்பள்ளி டீச்சர், அவர் மடியில் ஹால் டிக்கெட்டோடு கைக்குட்டையில் முடிந்த சில்லறை. அரியலூரைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல்லை நம்பி ஆலைகள் பெருகிய பிறகு, ஷிப்ட் முடித்துவிட்டுப் பி.ஏ. வரலாறு படித்தவர்கள் உண்டு. வரலாறு ஏன் என்றால் கணக்கு வராது, ஆங்கிலம் பயம், வரலாறு கதைபோலப் போகும்.

கேலிக்கும் இடமிருந்தது. நோட்ஸ் வாங்கிப் படித்து, தேர்வுக்கு முதல் நாள் விழித்துப் பட்டம் வாங்கியவர்கள் ஏராளம். ஆசிரியர்கள் பலர் எம்.ஏ., எம்.பில். படித்தது ஊக்க ஊதிய உயர்வுக்காகத்தான், அறிவுப் பசியால் என்று சொன்னால் அவர்களே சிரிப்பார்கள். இருக்கட்டுமே. ஊதியத்துக்காகப் படித்தாலும் சங்க இலக்கியத்தையும் பொருளாதாரத்தையும் நாற்பது வயதில் ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் தேர்வெழுதினார்கள். அந்த வீடுகளில் அப்பாவும் மகளும் ஒரே மேசையில் படித்த இரவுகள் இருந்தன. ஒரு சமூகம் தன்னை அறியாமலேயே வாழ்நாள் கல்வியைப் பழகிக்கொண்டிருந்தது.

அதில் மிகத் துணிச்சலான வாசல் திறந்தநிலைப் பல்கலைக்கழக முறை. பள்ளிப் படிப்பு முழுமையாக இல்லாதவரும் வயதை மட்டும் காட்டி நேரடியாகப் பட்டப்படிப்பில் சேர முடிந்தது. சில இடங்களில் இளநிலைப் பட்டமே இல்லாமல் முதுநிலைகூடப் படிக்க முடிந்தது. பத்தாவதோடு நின்று, பின் கடை வைத்து, ஐம்பதில் எம்.ஏ. ஆனவர்கள் இந்தப் பக்கத்தில் எத்தனையோ பேர். பெயருக்குப் பின்னால் அந்த இரண்டெழுத்தை லெட்டர்பேடில் அச்சடித்தபோது அவர்களுக்குக் கிடைத்ததை வேறெந்தச் சான்றிதழும் கொடுத்திருக்காது.

2009-இல் அது உடைந்தது. இளநிலைப் பட்டம் இல்லாமல் திறந்தநிலை முறையில் பெற்ற முதுநிலைப் பட்டம் அரசுப் பணிக்குச் செல்லாது என்று உச்ச நீதிமன்றம், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடர்பான வழக்கில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழக அரசும், பத்து, பன்னிரண்டு, பட்டம் என்ற வரிசையில் வராத படிப்பை வேலைக்கு ஏற்பதில்லை என்று ஆணையிட்டது. தீர்ப்பின் நியாயத்தோடு எனக்குச் சண்டையில்லை. அரசுப் பணிக்கு அடிப்படை ஒன்று வேண்டும்தான். ஆனால் வேலைக்காகப் படிக்காதவரும் சேர்ந்து அடி வாங்கினார். 'செல்லாத பட்டம்' என்ற பேச்சு டீக்கடைக்கு வந்துவிட்ட பிறகு அறுபது வயது மனிதர் ஆசைக்குப் படித்த பட்டத்தையும் ஊர் அதே தராசில்தான் வைக்கும்.

அதற்குப் பின் ஒவ்வொன்றாக இறுகியது. 2017-இல் பல்கலைக்கழக மானியக் குழு தொலைநிலைக் கல்விக்குப் புது ஒழுங்குவிதிகள் கொண்டுவந்தது. தரமதிப்பீட்டில் உயர்ந்த புள்ளி இருந்தால்தான் நடத்தலாம், பல்கலைக்கழகம் தன் எல்லைக்கு வெளியே மையம் வைக்கக் கூடாது. வீதிக்கு ஒரு படிப்பு மையம் என்று இருந்த வியாபாரம் ஒழிந்தது, அது நல்லதே. அதோடு சின்ன ஊர்களின் நல்ல மையங்களும் போயின. அண்ணாமலையின் தொலைநிலைப் படிப்புகளுக்கு 2014-15-க்குப் பிறகு அங்கீகாரம் இல்லை என்று 2022-இல் மானியக் குழு அறிவித்தபோது, நடுவில் சேர்ந்தவர்கள் வயிற்றில் புளி கரைந்தது. 2020 மார்ச்சில் தமிழக அரசு உயர்கல்விக்கான ஊக்க ஊதிய உயர்வை நிறுத்தியது. அதன் இடத்தில் பிற்பாடு ஒருமுறைத் தொகை வந்தது. ஆசிரியர் அறையில் 'அடுத்து என்ன படிக்கலாம்?' என்ற பேச்சு குறைந்துபோனதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இதே காலத்தில்தான் எதிர்த்திசையில் ஒரு நல்லது நடந்தது. கல்லூரிகள் ஊருக்கு வந்தன.

1995-இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. அரியலூர் 2001-இல் தனி மாவட்டமாகி, மறு ஆண்டே பெரம்பலூரோடு ஒட்டப்பட்டு, 2007 நவம்பர் 23-இல் மறுபடி தனியாயிற்று. மாவட்டம் வந்தால் பின்னால் ஆட்சியரகம், நீதிமன்றம், கல்லூரி எல்லாம் வரும். குரும்பலூரில் பாரதிதாசன் பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரி, வேப்பந்தட்டையில் ஒன்று, வேப்பூரில் பெண்களுக்கென்றே ஒன்று. இவையெல்லாம் பின்னர் அரசுக் கல்லூரிகளாயின. ஜெயங்கொண்டத்திலும் அரசுக் கல்லூரி இருக்கிறது. அரியலூரில் அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரி, 2022 ஜனவரியில் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி. பெரம்பலூரில் தனியார் கல்லூரிகளுக்குக் கணக்கே இல்லை. ஒரு காலத்தில் வேப்பூர்ப் பெண்ணுக்குக் கல்லூரி கண்ணுக்கு எட்டாத தூரம். இன்று அது சோளக்காட்டுக்குப் பக்கத்தில் கட்டடமாக நிற்கிறது. தமிழகத்தில் உயர்கல்வி சேர்க்கை விகிதம் 2021-22-இல் 47 விழுக்காடு, நாட்டுக்கு 28.4.

இந்த விகிதத்தில் ஒரு வேடிக்கை உண்டு. கீழ்எண் 18 முதல் 23 வயது மக்கள்தொகை. மேல்எண் சேர்ந்திருக்கும் எல்லா மாணவரும், அவர் எந்த வயதாக இருந்தாலும். ஆக, ஐம்பது வயது அக்கா ஒருவர் பி.ஏ. சேர்ந்தால் விகிதம் கூடும், அவரால் குறையவே குறையாது. கணக்குப்படி பார்த்தால் ஒவ்வொரு அரசும் வயதானவரை வலைபோட்டுத் தேட வேண்டும்.

தேடவில்லை. மாறாக, அரசுக் கலைக் கல்லூரிச் சேர்க்கை வழிகாட்டியில் வயது உச்சவரம்பு என்று ஒரு வரி இருக்கிறது. அது இருபதுகளின் தொடக்கத்தோடு நின்றுவிடுகிறது. பெண்களுக்கும் ஒடுக்கப்பட்ட பிரிவினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் சில ஆண்டு தளர்வு, அவ்வளவே. அந்தக் கல்லூரிக்கு நிலம் விட்ட ஊரில், அதன் கட்டடத்துக்குச் சித்தாள் வேலை செய்த அம்மா, வகுப்பறைக்குள் மாணவியாக நுழைய முடியாது. பெருக்குவதற்கு நுழையலாம்.

வயது வரம்பு இல்லாத இடத்தில் காகிதம் நிற்கும். மாற்றுச் சான்றிதழ் எங்கே? 1983-இல் படித்த பள்ளியில் பதிவேடு கரையான் தின்றிருக்கும். பள்ளியில் 'சின்னப்பொண்ணு', ஆதாரில் அப்பா பெயர் முன்னால், ரேஷன் அட்டையில் கணவர் பெயர் பின்னால். விண்ணப்பம் இணையத்தில். ஓ.டி.பி. மகன் செல்போனுக்குப் போகும், மகன் திருப்பூரில் ஷிப்டில் இருப்பான். ஆசிரியருக்கு உண்மைத்தன்மைச் சான்று கேட்பார்கள், அது வர ஆறு மாதம் ஆகலாம். இவற்றில் ஒன்றுகூடக் கெட்ட எண்ணத்தோடு வைத்த விதியல்ல. பதினெட்டு வயதுப் பிள்ளை, போன மாதம் பள்ளி முடித்து, அப்பாவைக் கூட்டிக்கொண்டு வருவான் என்று நினைத்து எழுதிய விதிகள். புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் அதே நினைப்பில்தான் இருக்கிறது. நேரடிக் கல்லூரிக்கு உண்டு, தொலைநிலைக் கல்விக்குக் கிடையாது.

இன்று வயதானவருக்கு எஞ்சியிருப்பது 2002-இல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 1985-லிருந்து இருக்கும் இக்னோவும், தொலைநிலை அங்கீகாரத்தைக் காப்பாற்றிக்கொண்ட சில பல்கலைக்கழகங்களும். பாரதிதாசனில் வாழ்நாள் கற்றலுக்கென்று ஒரு துறையே உண்டு. இவை பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் அவை கொடுப்பது புத்தகமும் தேர்வும். கல்லூரி என்றால் வேப்பமரத்தடியும் அல்லவா? வகுப்பு முடிந்து பேசிக்கொண்டே நடப்பதும், வாத்தியாரை மடக்கிக் கேட்பதும்? 'இந்த வயசுல படிச்சு என்ன பண்ணப்போற?' என்று கேட்கும் ஊரில், கூடப் படிப்பவர் ஒருவர் இருப்பதுதான் பாதி பலம்.

வயதையும் சான்றிதழையும் கேட்காமல் சொல்லிக்கொடுக்கும் இடம் இந்த இரண்டு மாவட்டங்களிலும் ஏற்கெனவே இருக்கிறது. பெரம்பலூருக்கு வாலிகண்டபுரத்தில், அரியலூருக்குச் சோழமாதேவியில்: வேளாண் அறிவியல் நிலையங்கள். நாட்டின் முதல் நிலையம் 1974-இல் புதுச்சேரியில் தொடங்கியது, அதன் வழித்தோன்றல்கள் இவை. 2018-இல் அமெரிக்கப் படைப்புழு கர்நாடகத்தில் முதலில் தென்பட்டு, அதே பருவத்தில் பெரம்பலூர் மக்காச்சோளத்தைத் தின்று தீர்த்தபோது, எழுபது வயது விவசாயிகள் புழுவின் தலையில் தலைகீழ் ஒய் வடிவக் கோட்டைத் தேடிப் பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். இனக்கவர்ச்சிப் பொறி எப்படி வேலை செய்கிறது, முட்டைக் குவியலை எந்த வாரத்தில் நசுக்க வேண்டும், மருந்தைக் குருத்துக்குள் எப்படி விட வேண்டும் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். அது பூச்சியியல் வகுப்பு. அதற்குப் பெயர் 'பயிற்சி' என்று வைத்துவிட்டதால் யாரும் அதைப் படிப்பு என்று எண்ணவில்லை. வயதான மூளைக்கு ஏறாது என்று சொல்கிறவர்கள் அந்தப் பருவத்தில் வாலிகண்டபுரம் பக்கம் வந்திருக்க வேண்டும்.

வெளியுலகில் இதற்கு நீண்ட வரலாறு உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். பிரான்சின் துலூஸ் நகரில் 1973-இல் பியர் வெல்லாஸ், ஓய்வுபெற்றவர்களுக்கென்று 'மூன்றாம் பருவப் பல்கலைக்கழகம்' தொடங்கினார். அது பல நாடுகளுக்குப் பரவியது. அயர்லாந்தின் டப்ளின் நகரப் பல்கலைக்கழகம் 2012-இல் வயதுக்கு இணக்கமான பல்கலைக்கழகம் என்பதற்குப் பத்துக் கொள்கைகள் வகுத்தது. இன்று பல நாடுகளின் பல்கலைக்கழகங்கள் அந்த வலையமைப்பில் உள்ளன. நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு சிங்கப்பூர். அங்கே சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் தமிழ் மொழி, இலக்கியப் பட்டத்தை வேலைக்குப் போகிறவர்கள் மாலையில் படிக்கிறார்கள். 2024-இல் நாற்பது வயது தாண்டிய குடிமக்களுக்குப் படிப்புச் செலவுக்கென அரசே 4,000 வெள்ளி கணக்கில் போட்டது. அங்கே அதைச் செய்யக் காரணம் பொருளாதாரக் கணக்கு, கருணையல்ல. தமிழகத்தில் அறுபதைத் தாண்டியவர்கள் 2031-இல் 18 விழுக்காடு ஆவார்கள் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கு நமக்கும் கூடிய சீக்கிரம் வரும்.

இங்கே ஒரு எதிர்க்கேள்வி எழும், எழ வேண்டும். இளையவருக்கே இடம் போதாதபோது முதியவர் வந்து இடத்தை அடைப்பதா? 2022 ஜனவரியில் இது நேராகவே நடந்தது. தருமபுரி மாவட்டத்தின் 61 வயது ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நீட் எழுதி, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் கலந்தாய்வுக்கு வந்துவிட்டார். மருத்துவரான மகன் எடுத்துச் சொல்ல, ஒரு ஏழைப் பிள்ளைக்குப் போகட்டும் என்று இடத்தை விட்டுக்கொடுத்தார். ஊர் கைதட்டியது. நானும் சரி என்றே நினைக்கிறேன். நீட்டால் மருத்துவ இடம் கிடைக்காமல் குழுமூர் அனிதா 2017-இல் இறந்த அரியலூர் மாவட்டத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, மருத்துவ இடத்தை வயதானவருக்கும் பங்கிடுங்கள் என்று யாராலும் வாதாட முடியாது.

ஆனால் மருத்துவ இடம் வேறு, ஞாயிற்றுக்கிழமை காலியாகக் கிடக்கும் வரலாற்று வகுப்பறை வேறு. குரும்பலூரிலும் அரியலூரிலும் ஞாயிறு அன்று பூட்டிக் கிடக்கும் அறைகளில் உட்கார்ந்து கேட்பதால் எந்தப் பிள்ளையின் இடமும் போகாது. பட்டம் வேண்டுபவருக்குக் கூடுதல் இடமாக வகுப்புக்கு ஐந்து பேர், அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்கு மேல். பட்டம் வேண்டாதவருக்கு வெறுமனே கேட்கும் உரிமை, நூலக அட்டை, அடையாள அட்டை. வயது வரம்பு வரியின் கீழே இன்னொரு வரி சேர்த்தால் போதும். 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பெரம்பலூரிலிருந்து குரும்பலூருக்குப் போகும் அந்த பஸ்ஸில் நடு வயதுப் பெண்கள் தினமும் போகிறார்கள், வருகிறார்கள். பயணச் செலவு என்ற பழைய தடை தானாகவே விழுந்துவிட்டது.

என்ன சொல்லிக்கொடுப்பது என்பதற்கு இந்த மண்ணில் பஞ்சமில்லை. சாத்தனூரில் பதினெட்டு மீட்டர் நீளக் கல்மரம் கிடக்கிறது, 1940-இல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் அதை ஆராய்ச்சி உலகுக்குச் சொன்னார். அரியலூரின் சுண்ணாம்புச் சுரங்கத்தில் முப்பது ஆண்டு வேலை செய்தவர் கையில் எடுத்துப் பார்த்த சிப்பிகள் கடல் இங்கே இருந்ததற்குச் சாட்சி. அவருக்குப் புவியியல் சொல்லிக்கொடுத்தால் ஆசிரியருக்கும் சில இடங்கள் தெரியவரும். கங்கைகொண்ட சோழபுரத்தை நாளும் கடந்து போகிறவர்களுக்குக் கல்வெட்டுப் படிக்கக் கற்றுக்கொடுக்கலாம். பட்டா, சிட்டா, கிரயப் பத்திரம் படிக்கச் சட்டத்துறை ஒரு பருவம் வகுப்பு வைத்தால் கூட்டம் தாங்காது என்று பந்தயம் கட்டுவேன்.

யார் சொல்லிக்கொடுப்பது என்பதில்தான் சிக்குகிறது. அரசுக் கல்லூரிகளின் பெரும் பாரத்தைச் சுமப்பவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள், மாதம் 25,000 ரூபாய்க்கு, அதுவும் ஆண்டில் பதினொரு மாதத்துக்கு. அவர்களில் பலருக்கு முனைவர் பட்டம் இருக்கிறது, சிலருக்கு நாற்பத்தைந்து தாண்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமையும் வா, இதுவும் சேவைதான் என்று அவர்களிடம் சொல்வது எளிது. அறிவொளித் தொண்டரிடம் அப்படித்தான் சொன்னோம், இப்போதைய எழுத்தறிவுத் திட்டத்துத் தன்னார்வலரிடமும் அப்படித்தான் சொல்கிறோம். ஞாயிறு வகுப்புக்கு ஒரு மணிக்கு இவ்வளவு என்று கணக்குத் தலைப்பில் ஒரு தொகையை எழுதிவிட்டுத்தான் அடுத்த சேர்க்கை அறிவிப்பில் அந்த இன்னொரு வரியைச் சேர்க்க வேண்டும். ஜூனில் சேர்க்கை, ஆகவே தொகையை மார்ச் பட்ஜெட்டிலேயே போட்டாக வேண்டும்.